கடையில் பம்பைக் காட்டினேன்

வெள்ளிக்கிழமை, ஹல்துமுல்லை

வாகனம் கழுவுற மெஷினுக்கு பம்ப் வாங்க பதுளைக்குப் போனேன். பழைய பம்பையும் பையில் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் புதுசு ரெண்டை எடுத்து வைத்து, "எது அக்கா பொருந்தும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கட்டாரில் இருக்கும் என் வீட்டுக்காரரை வீடியோவில் கூப்பிட்டேன். இன்றைக்கு அவருக்கு லீவு.

"பழசுல சுத்துற தண்டைக் கிட்டக் காட்டு. இன்னும் கிட்ட. ஆங், சின்னதுதான் சரி, வாங்கிரு."

பேசின பத்து நிமிஷமும் கேமராவைப் பம்பின் பக்கமே பிடித்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது மெசேஜ் வந்தது. "பம்பப் பாத்தேன், ஒன்னப் பாக்கலியே."

வீட்டுக்கு வந்து, தலை சீவி, சேலை மாற்றிக்கொண்டு கூப்பிட்டேன். மழையில் லைன் கிடைக்கவே இல்லை. விடிந்ததும் சிக்னல் இருக்கிற மேல் ரோட்டுக்கு ஏறிப் போய்க் கூப்பிடணும். அவர் வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னால.