வளைவில் ஒரு ஹாரன்

மார்ச் 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக மூக்குக் கண்ணாடியைத் தேடினேன். போட்டபடியே தூங்கியிருக்கிறேன். "கனவு தெளிவா தெரியணும்னு போட்டுக்கிட்டியா?" என்றார் இவர்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் எங்கள் சங்கத்து வண்டி பட்டறையில் நிற்கிறது. சிட்டுவின் முழங்கால் புண்ணுக்கு மருந்து தீர்ந்திருக்கும் என்று பஸ் பிடித்துப் போனேன். தவழ்ந்தே போய்வரும் பதினேழு வயதுப் பெண். நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டுக்கு மாதாமாதம் மளிகை தருவது எங்கள் விதி. அவள் வீடும் அதில் ஒன்று.

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடி. குதிகாலை உயர்த்திக் கொடியை எட்டிப் பிடித்து.

என்னைப் பார்த்ததும் பொத்தென்று விழுந்தாள். உட்காரவில்லை, விழுந்தாள். முழங்கால் தரையில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

இந்தப் புண்ணுக்கா இத்தனை நாள் மருந்து போட்டேன்? தவழ்ந்து தவழ்ந்து வந்தது என்று நினைத்து?

மார்ச் 5, புதன்

நேற்று எழுத முடியாமல் விட்டது. அவள் அம்மா சொன்னாள்: "நடக்குறான்னு தெரிஞ்சா நிறுத்திடுவீங்க. சின்னதுங்களுக்கு நான் என்னத்தப் போடுவேன்? வீட்டுக்குள்ள மட்டும் நடடின்னேன். கேட்டாத்தானே."

சிட்டு தலை நிமிராமல், "வண்டி வரலையே, நீங்க எப்படிக்கா வந்தீங்க?" என்றாள்.

வண்டி வந்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மார்ச் 7, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. சிட்டு வீட்டுக்குத் திரும்பும் வளைவில் டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தார். ஆளில்லாத பாதை. கோழி குறுக்கே வரும் என்று எப்போதும் சொல்வார், நானும் நம்பியிருக்கிறேன். இன்று வேறு மூன்று ஊர்களிலும் அதே ஹாரன், அதே நீளம்.

அப்படியென்றால் ஹாரன் கேட்டதும் உட்கார்ந்துகொள்பவர்கள் நாலு பேரா?

"ஒரு கோழியையும் காணோமே," என்றேன்.

வண்டியை ஓரம் கட்டினார். "பாத்ததைப் பாக்காத மாதிரி விட்டுடுங்க மேடம். நான் அடிக்கலைன்னா நாலு வீட்ல அடுப்பு எரியாது."

மார்ச் 10, திங்கள்

காலுக்குப் பயிற்சி கொடுப்பதும் நாங்கள்தான். கால் வந்தால் சோற்றை நிறுத்துவதும் நாங்கள்தான். இது இத்தனை வருடம் எனக்கு ஏன் உறைக்கவில்லை?

மார்ச் 13, வியாழன்

ஹாரன் விஷயத்தை யாரோ சங்கச் செயலாளர் காதில் போட்டுவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. டிரைவரை இன்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"சம்பளம் குடுத்துத் திருடனை வச்சிருந்திருக்கோம்," என்றார் செயலாளர். "அந்த நாலு வீட்டையும் மளிகை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடலாம். திங்கக்கிழமை கமிட்டி விசாரிக்குது. கூடவே போனவங்க நீங்க, வந்துடுங்கம்மா."

"ஒரு பொண்ணு எழுந்து நடக்குறா சார். சந்தோஷப்பட வேண்டாமா?"

"ஏமாத்தினதுக்கா?"



மார்ச் 16, ஞாயிறு

சிட்டுவைப் பார்க்கப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு பாயில் கிடந்தாள். நான்தான், எழுந்திரு என்றேன்.

"வேணாங்கா. நான் நடந்ததாலதானே டிரைவர் அண்ணனுக்கு இப்படி ஆச்சு."

இனி யாருக்காகவும் அவள் படுக்க வேண்டியதில்லை. ஆனாலும் படுத்திருக்கிறாள். கடவுளே, என்ன செஞ்சு வச்சிருக்கோம்.

"பேயறைஞ்ச மாதிரி இருக்கியே, என்ன?" என்றார் இவர் சாப்பிடும்போது. ஒன்றுமில்லை என்றேன்.

நாளை கமிட்டியில் வேறு யாரும் பேசுவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன்: ஹாரன் அடிக்கச் சொன்னது நான்தான். டிரைவர் என் சொல்லைக் கேட்டார், அவ்வளவே. அதற்குப் பிறகு விதியைப் பற்றிப் பேசுவேன் — பேசவிட்டால்.