முனீஸ்வரன் கலயம்

செங்கற்பட்டு
10-2-1953

அன்புத் தங்கை வேண்டாவுக்கு அண்ணன் தர்மராஜ் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம். நீ கடிதம் போட்டு இரண்டு மாதமாயிற்று, அண்ணன் ஞாபகம் இருக்கிறதா?

என்னை மதுவிலக்குப் பிரிவில் போட்டுவிட்டார்கள். பனங்கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், லைசென்ஸ் உண்டு. தடவாவிட்டால் கள், ஜெயில். சட்டம் முழுவதும் சுண்ணாம்பில் நிற்பது வேடிக்கையாக இருக்கிறது. தடவியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மாப்பிள்ளை சடையப்பனைக் கேட்டு எழுது.

தர்மராஜ்

மகாபலிபுரம்
16-2-1953

அன்புள்ள அண்ணனுக்கு வேண்டா வணக்கம்.

நீ போலீஸ், இவர் மரமேறி. நல்ல சம்பந்தம். கலயத்தில் விரலை விட்டு வழித்தால் வெள்ளையாக வர வேண்டும், அவ்வளவுதானாம்.

எனக்கும் ஒரு சந்தேகம். பருவத்தின் முதல் கலயம் முனீஸ்வரனுக்கு. அதற்கு மட்டும் சுண்ணாம்பு தடவும் வழக்கமில்லை. 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை படையல். சாமி குடித்தால் யார் மேல் கேஸ்?

வேண்டா

செங்கற்பட்டு
21-2-1953

வேண்டா,

இறக்குகிறவன் மேல்தான் கேஸ். லைசென்ஸும் போகும். அந்த வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரோடு உங்கள் தோப்புக்குத்தான் வருகிறேன். சாமி கலயத்துக்கும் தடவச் சொல். இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

தர்மராஜ்

மகாபலிபுரம்
1-3-1953

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். "சாமிய ஏமாத்திகினு நான் மரமேற மாட்டேன். உங்கண்ணன் இன்னா பண்றானோ பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டார். தடவவில்லை.

இன்ஸ்பெக்டர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றார். நீ முனீஸ்வரன் கலயத்தில் விரலை விட்டபோது எனக்கு உயிரே போய்விட்டது. எடுத்த விரல் வெள்ளையாக இருந்தது. "சுண்ணாம்பு கீது சார்" என்றாய்.

நீங்கள் போனதும் சாமி மகிமை என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவர் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் என்னிடம் சொன்னார். "அடுத்த வருசம் அந்தக் கலயத்துக்கும் தடவிடறேன். சாமி பொறுத்துக்கும். உங்கண்ணன் வேல போச்சுன்னா யாரு குடுப்பா?"

இன்னொரு சந்தேகம் அண்ணா. நீ குனிந்தபோது டிராயர் பாக்கெட்டில் சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்தேன். நீதான் வெற்றிலையே போடுவதில்லையே?

பதில் எழுதாதே. அண்ணியோடு நேரில் வா. உனக்கென்று ஒரு கலயம் கட்டியிருக்கிறார். சுண்ணாம்பு தடவியதுதான்.

உன் தங்கை
வேண்டா