பதினேழாம் வரிசையில் ஒரு சைபர்

டீச்சர்,

அட்டைப்பெட்டியின் கயிற்றை அவிழ்த்ததும் கிரீஸ் வாசம் குப்பென்று அடித்தது. கூடவே பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியின் புளித்த வாசம். விசைத்தறி ஓடுகிற வீடுகளில் நின்றபடியே நிரப்பிய கணக்கெடுப்புப் பாரங்கள் அல்லவா, இத்தனை வருஷம் கழித்தும் காகிதம் அதை விடவில்லை. நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்த பெட்டி. இன்று காலையில்தான் பிரித்தேன்.

பிரிக்க வைத்தவள் என் பேத்தி. கோயமுத்தூரில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். புள்ளிவிவர சாப்ட்வேர் அவர்களுக்கு ஒரு பாடமாம். ஊரில் யாரிடமாவது நிஜமான விவரம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்களாம். போன வாரம் போன் பண்ணி, "அம்மாயி, உங்ககிட்ட இருக்குதுங்களே, அதைத் தாரீங்களா?" என்று கேட்டாள். அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. எம்.காம். படித்த மாமனிடம் கேட்கவில்லை. அஞ்சாங்கிளாஸோடு நின்ற என்னிடம் கேட்டாள். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லிப் பெருமைப்படுவது?

பெயரும் கையெழுத்தும் இருந்த மேல்பகுதியை முகாம் முடிந்ததுமே நீங்கள் கத்தரித்து எடுத்துவிட்டதால் பாரங்களில் இப்போது எண் மட்டும்தான் இருக்கிறது. தைரியமாகக் கொடுக்கலாம்.

அப்போது இவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சோமனூரில் பேக்கரி மாடியில் இருந்த உங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்குச் சாயங்காலம் கூட்டிவருவேன். அவள் வகுப்பு முடியும்வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கீழே பன் வேகிற வாசத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் நீங்கள் ஒரு கட்டுக் காகிதத்தோடு வெளியே வந்தீர்கள்.

"ஏனுங்கம்மா, சும்மாதானே உக்காந்திருக்கறீங்க? இதை வாசிச்சுச் சொன்னீங்கன்னா நான் டைப் பண்ணிக்குவேன்."

"எனக்கு அஞ்சாங்கிளாஸ்தானுங்க டீச்சர்."

"இதுல பூரா நம்பருங்கம்மா. சைபர்ல இருந்து ஒம்பது வரைக்கும் பத்தே பத்து. காலேஜுலயும் பதினொண்ணாவதுன்னு ஒண்ணு கெடையாதுங்க."

உங்கள் வயசு என் மகள் வயசு. ஆனால் அந்த ஒரு பேச்சில் நீங்கள் எனக்கு டீச்சர் ஆகிவிட்டீர்கள்.

காரியம் என்னவென்று அப்புறம் சொன்னீர்கள். சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா, தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்களுக்கு ஒரு முகாம் நடத்தப் போகிறார். சோதிக்கிற கருவியும் ஆட்களும் ஒரே ஒருநாள்தான் வருவார்கள், ஊர் முழுவதையும் பார்க்க முடியாது. அதனால் தினமும் தறிக்குப் பக்கத்தில் அதிக நேரம் இருக்கிறவர்களுக்கு முதல் இடம். அந்தப் பட்டியல் இந்தப் பாரங்களில் இருந்து வர வேண்டும். வீடு வீடாகப் போய் நர்சிங் படிக்கிற பிள்ளைகள் கேட்டு எழுதி வந்தது.

ஒரு வாரம் வாசித்துச் சொன்னேன். அடுத்த வாரம் நானே தட்ட ஆரம்பித்துவிட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு வரிசை, ஒரு கேள்விக்கு ஒரு கட்டம். ஆம்பிளைக்கு ஒன்று, பொம்பிளைக்கு இரண்டு என்றீர்கள். "ஏனுங்க, பொம்பளைக்கு ஒண்ணு போட்டா மிஷின் ஒத்துக்காதா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "நாம என்ன சொல்லி வெக்கறமோ அதுதானுங்கம்மா அதுக்கு" என்று மாற்றிக் கொடுத்தீர்கள். இன்றைக்கும் அந்தக் கோப்பில் பொம்பிளைக்கு ஒன்றுதான். பேத்தி பார்த்தால் கேட்பாள், சொல்லிக்கொள்கிறேன்.

வயசு சொல்லாதவர்களுக்குத் தொண்ணூற்றொன்பது போடச் சொன்னீர்கள். எல்லாம் ஏற்றி முடித்து, சராசரி வயசு என்னவென்று மிஷினிடம் கேட்டோம். வந்த எண்ணைப் பார்த்து எனக்கே பயம். எங்கள் வீதியே முதியோர் இல்லம்போல இருந்தது. போதாததற்கு ஒருத்தருக்கு அறுநூற்று எட்டு வயசு. அது என் விரல் செய்த வேலை, அறுபதைத் தட்டிவிட்டு எட்டின்மேல் கையை வைத்துவிட்டேன். "அம்மா, இந்த ஐயா பீமன் அர்ச்சுனனையெல்லாம் பாத்திருக்க மாட்டாருங்களா?" என்று நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

சிரித்து முடித்துத்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். தொண்ணூற்றொன்பது என்பது வயசு இல்லை, பதில் கிடைக்கவில்லை என்பதற்கான அடையாளம். அதை மிஷினுக்குத் தனியாகச் சொல்லாவிட்டால் அது பாட்டுக்குக் கூட்டிவிடும். "சைபர் ஒரு பதிலுங்கம்மா. காலி வேற. தெரியலைங்கறது வேற. மூணையும் கலந்தா வீணாப் போயிடும்." எண்களைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கச் சும்மா பார்க்கச் சொல்வீர்கள். சின்னது எது, பெரியது எது, எது எத்தனை தடவை வந்திருக்கிறது. அரிசியில் கல் பொறுக்குகிற கண் எனக்கு. அந்த வேலையில் உங்களைவிட நான் கெட்டிக்காரி என்று நீங்களே ஒத்துக்கொண்டது உண்டு.

அந்தக் கண்ணில்தான் அது பட்டது. தினமும் எத்தனை மணி நேரம் வேலை என்ற கட்டத்தைத் தூண்களாக வரைந்து காட்டினீர்கள். எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி எல்லாம் குட்டையும் நெட்டையுமாக நின்றன. சைபர் மட்டும் தென்னை மரம் உயரத்துக்கு நின்றது.

"வேலைக்குப் போகாதவங்க போலிருக்குதுங்கம்மா. பெரும்பாலும் பொம்பளைங்க. இவங்க பட்டியல்ல வர மாட்டாங்க."

நாற்பத்தொன்றாவது பாரத்தை எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு நேரெதிர் வீடு, சரசு. வயசு ஐம்பத்திரண்டு. கதவு தட்டினால் கேட்கிறதா, இல்லை. வேலை நேரம், சைபர்.

"சரசு சும்மா இருக்கறாளா? அவ தார் சுத்தலைன்னா அவ ஊட்டுக்காரர் தறி அரைமணியில நின்னுபோகுமுங்க!"

தார் என்றால் என்னவென்று உங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. கோயமுத்தூர் கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவர், உங்களுக்கு எப்படித் தெரியும்? தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுவது என்று சொன்னேன். தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, விடிந்ததில் இருந்து பொழுது சாய்கிற வரைக்கும் சுற்ற வேண்டும். அதற்குத் தனிக் கூலி கிடையாது, தனிப் பெயர் கிடையாது. வேலைக்குப் போறீங்களா என்று கேட்டால், "இல்லீங்க, ஊட்டுலதான் சும்மா இருக்கறேன்" என்பார்கள். நர்சிங் பிள்ளைகள் காதில் கேட்டதை எழுதினார்கள், அவர்கள் எழுதியதை நான் தட்டினேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சரசுவைத் திட்டினேன். வாயைத் திறந்து சொன்னால் என்ன, இவளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கத்தினேன். நீங்கள் திரையை மேலே தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றீர்கள்.

"பதினேழாம் நம்பர் யாருங்கம்மா?"

பாரத்தைப் புரட்டினேன். என் பெயர், என் கையெழுத்து. வேலை நேரம், சைபர். முப்பது வருஷம் தார் சுற்றியவள், அந்தப் பாரம் எழுதின அன்று காலையிலும் சுற்றிவிட்டு எழுந்தவள், நானே சொல்லி, நானே கையெழுத்துப் போட்டு, நானே அந்தச் சைபரைக் கம்ப்யூட்டரில் தட்டியும் இருக்கிறேன். தட்டும்போது எனக்கு ஒன்றுமே உறுத்தவில்லை, டீச்சர்.

பாரத்தை மூடி வைத்துவிட்டு, "எல்லாத்துக்கும் பத்துன்னு போட்டுருங்க. எனக்கு ஒவ்வொருத்தியும் தெரியும்" என்றேன். அங்கேதான் நமக்குள் சண்டை.

"நமக்குத் தெரியும்னு மாத்தக் கூடாதுங்கம்மா. அவங்க வாயில இருந்து வரணும்."

"நாளை மறுநாள் பட்டியல் கேட்டிருக்காங்க. அதுக்குள்ள அத்தனை வாசலும் ஏற முடியுமா? ரெண்டு எழுத்துத் தட்டறதுல என்னங்க வந்துது?"

"இன்னைக்கு நல்லதுக்குத் தட்டுவோம். நாளைக்கு வேற யாராச்சும் வேற எதுக்கோ தட்டுவாங்க. அப்ப வேண்டாம்னு சொல்ல நமக்கு வாய் இருக்குமுங்களா?"

எழுந்து வந்துவிட்டேன். கோபம் பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் இருந்தது. மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் சென்டர் வாசலில் நின்றேன். நீங்கள் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, சைபர் பாரங்களை மட்டும் பிரித்துக் கையில் வைத்திருந்தீர்கள். அது உங்களுக்கு நோன்பு மாசம்.

கேள்வியை மாற்றினீர்கள். வேலை என்ற சொல்லே அதில் இல்லை. தறிச் சத்தத்துக்கு மேல் சரசுவின் காதோரம் நான் கத்தினேன்.

"காத்தால தறி ஓட்டறப்ப நீ எங்க இருப்ப?"

"எங்க இருப்பேன், இங்கதான்!"

"எப்ப எந்திரிப்ப?"

"சோறாக்க எந்திரிப்பேன். அப்பறம் கரண்டு போனா எந்திரிப்பேன். ஏனுங்க்கா, போலீஸ்காரி மாதிரிக் கேக்கறீங்க?"

அவள் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து, "அவ எங்கீங்க வேலை செய்யறா, சும்மா தார் சுத்தறா" என்றார். நீங்கள் கொஞ்சமும் சிரிக்காமல், "அந்தச் சும்மாவைத்தானுங்க எத்தனை மணி நேரம்னு எழுதிக்கறோம்" என்றீர்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு விரல்விட்டு எண்ணினார். பதினொரு மணி நேரம் வந்தது. எண்ணியது அவர்தான், அதனால் மறுக்க முடியவில்லை. சரசு மோர் கொண்டுவந்தாள். நோன்பு என்று கும்பிட்டீர்கள்.

நாலைந்து வீடு தாண்டி ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு கை விலாவில் இருந்தது.

"என்னுங்க டீச்சர்?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. வெயிலு."

நோன்புக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு முந்தி அடுத்த வீட்டை நோக்கி நடந்தேன்.

பொழுது இறங்குவதற்குள் எல்லா வீடும் ஏறிவிட்டோம். வீட்டில் இல்லாத மூன்று பேருக்கு மட்டும் சைபரை எடுத்துவிட்டுத் தொண்ணூற்றொன்பது போட்டு, ஏன் என்று கீழே ஒரு வரி எழுதி வைத்தீர்கள். என்னையும் விடவில்லை. எதிரில் உட்காரவைத்து, மற்றவர்களிடம் கேட்ட அதே கேள்வியை ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் சொன்ன பிறகுதான் பதினேழாம் வரிசையைத் திருத்தினீர்கள். மறுபடி தூண்களை வரைந்தபோது தென்னை மரம் விழுந்திருந்தது. டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பட்டியலில் பொம்பிளைகள் ஏறினார்கள்.

முகாமில் சரசுவுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மிஷின் கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு, "ஏனுங்க்கா, நீங்க இத்தனை கத்திப் பேசற ஆளுன்னு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சுங்களே." வரிசையில் நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பாதிப் பேருக்கு அவள் சொன்னது காதில் விழுந்திருக்காது, அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். நீங்கள் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தீர்கள். நின்று அல்ல.

பெருநாள் முடிந்து பிரியாணி கொடுத்தனுப்பினீர்கள். அப்புறமும் மாடிப்படியில் பாதியில் நிற்பதைப் பார்த்தேன். உடம்புக்கு என்னவென்று இரண்டு முறை, வேறு வேறு நாளில் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்கம்மா" என்றே இரண்டு முறையும் சொன்னீர்கள். நானும் அதை அப்படியே ஏற்றிக்கொண்டேன். அத்தனை வீட்டு வாசலில் சைபரை நம்பாமல் கேள்வியை மாற்றிக் கேட்டவள், உங்களிடம் மாற்றிக் கேட்கவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், இரவு எத்தனை தடவை எழுகிறீர்கள், எந்தப் பக்கம் திரும்பினால் வலிக்கிறது என்று கேட்டிருந்தால் உங்கள் வாயில் இருந்தே வந்திருக்கும். நோய் முற்றுவதற்குள் தெரிந்திருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சைபர் என்று எழுத மாட்டேன், பிழைத்திருப்பீர்கள் என்றும் எழுத மாட்டேன். அந்த மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுத்தது இருக்கிறது.

நான் உடைந்து போய்விட்டதாக நினைக்க வேண்டாம். இப்போதெல்லாம் வீதியில் எந்தக் கணக்கெடுப்பு வந்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். கேள்வியை முதலில் எனக்குப் படித்துக் காட்டு என்பேன். இரண்டு கேள்வியாவது மாறும். எங்கே படித்தீர்கள் என்று ஒரு பையன் கேட்டான், பேக்கரி மாடியில் என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் பேத்தி பஸ் இறங்கி வந்தாள். தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே ஒழிய வாய்க்குப் போகவில்லை.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லீங் அம்மாயி."

அடுப்பை அணைத்தேன். அவளுக்கு எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"காலேஜுல மத்தியானச் சோறு யாரு கூட உக்காந்து உங்கற?"

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு கூடவும் இல்லீங்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் பேசிக்கொண்டே இருந்தாள், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சொன்னதை உங்களுக்கும் எழுத மாட்டேன், அது அவளுடையது. ஆனால் மாற்றிக் கேட்டேன், டீச்சர்.