படகில் ஒரு கண்டக்டர்

அன்பு மகனுக்கு,

நேற்று நாங்கள் படகை விட்டு இறங்கியதும், கடற்கரையில் அத்தனை பேர் முன்னால் என்னிடம் கத்தினாய். மறதி நோய் வந்த அப்பாவை ஹோட்டல் அறையை விட்டு வெளியே கூட்டிப் போகக் கூடாது என்ற உன் பேச்சை மீறிவிட்டேனாம். ஆமாம், மீறினேன். தீவைச் சுற்றிப் பார்க்கக் குடும்பத்தோடு வந்துவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் நான்கு நாளாக டிவி பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டுமா?

நடந்ததைக் கேள். பவளப்பாறை பார்க்கப் போனோம். படகு கிளம்பியதுதான் தாமதம், உன் அப்பா எழுந்துவிட்டார். "முன்னாடி போங்க, முன்னாடி போங்க! டிக்கெட், டிக்கெட்!" முப்பது வருடம் பஸ்ஸில் நின்றே வந்த கால்கள், அந்த அலையிலும் தடுமாறவில்லை. எல்லோரும் சிரித்தபடி சீட்டை நீட்டினார்கள். படகோட்டி தன் விசிலையே கழற்றி அவர் கழுத்தில் மாட்டினார். நீ பிறந்த அன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்க்கவில்லை.

கடைசியாக என்னிடம் வந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"எங்க இறங்கணும்மா?"

"நீங்க இறங்குற இடத்துலதான்."

அவரைச் சேர்க்க நீ பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்தின் படிவம் மேசைமேல் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். இன்று அருவி பார்க்கப் போகிறோம். எங்களைத் தேடி அலையாதே. விசில் அவர் கழுத்தில்தான் இருக்கிறது.

உன் அம்மா