பீங்கான் கிடங்கில் கச்சேரி

விருத்தாசலம்

அன்பு மகள் வெண்பாவுக்கு அம்மா எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் சுகம், தோகாவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் நாளை அங்கே கிளம்புகிறார், ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன், போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய்.

உன் தம்பி பிரபாகரன் அடிக்கும் கூத்தைக் கேள். பின்தெரு கோவிந்தராசுவின் பீங்கான் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, சனிக்கிழமையானால் ஊர்பேர் தெரியாத பேண்டுகளைக் கூப்பிட்டுப் பாடவைக்கிறான். பேண்டு என்றதும் கல்யாண ஊர்வலத்தில் வாசிப்பார்களே அது என்று நினைத்தேன், அதுவாக இருந்தால்கூட நாலு பேர் மதிப்பார்கள். சத்தம் வெளியே போகக்கூடாதென்று சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறான், பார்த்தால் கோழிப்பண்ணை. உட்கார நாற்காலி கிடையாது, விலைபோகாத கக்கூஸ் பீங்கான்களைக் கவிழ்த்துப்போட்டு மேலே பலகை. பாட்டுக் கேட்க வந்தவர்களை அதன்மேல் உட்காரவைத்த புண்ணியவான் உலகத்திலேயே உன் தம்பி ஒருவன்தான்.

இழுத்து மூடச் சொல்லத்தான் போன சனிக்கிழமை சாயந்திரம் நானே போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், அதில் பாதி அவன் கூட்டாளிகள். பாடியது ஸ்ரீமுஷ்ணத்துப் பெண் துர்கா, கூடவே கிட்டாரும் டிரம்ஸுமாக இரண்டு பையன்கள், தலை துடைப்பக்கட்டை மாதிரி. சினிமாப் பாட்டு ஒன்று பாடேன் என்றேன், "நாங்களே எழுதுனத மட்டுந்தாம்மா பாடுவோம்" என்கிறாள். பஸ் வரவில்லை என்று ஒரு பாட்டு. பஸ் வராததற்கெல்லாமா பாட்டு?

பாதிப் பாட்டில் கோவிந்தராசு கையில் பூட்டோடு வந்து நின்றான். "என்னாக்கா, பொட்டப்புள்ள கத்துறதுக்கா எடம் வுட்டேன்? எல்லாரையும் வெளிய போவச் சொல்லுங்க" என்றான். அந்தப் பெண் சட்டென்று நிறுத்திவிட்டாள். உன் தம்பி வாயில் கொழுக்கட்டை. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, "ஒம் பொண்ணு காதுகுத்துக்கு மூணு நாளு தெருவெல்லாம் ரேடியா கட்டி அலறவுட்டியே, அப்ப நான் பூட்டத் தூக்கிக்கிட்டு வந்தனா? வாடக வாங்குறப்ப இனிச்சுது, பாட்டு மட்டும் கசக்குதா? அவ பாடி முடிக்கட்டும், பொறவு வா" என்று கேட்டுவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். துர்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து பாடினாள். எனக்குப் பிடிக்கவில்லை, இரண்டாம் தடவை கேட்டும் பிடிக்கவில்லை. ஆனால் முடிகிற வரைக்கும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

உன் தம்பியை மெச்சி மெசேஜ் எதுவும் அனுப்பிவைக்காதே, தலைகால் புரியாது. வெயிலில் குழந்தையை வெளியே விடாதே, மாப்பிள்ளைக்கு ஊறுகாயை அளவாகப் போடு. மூவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும். வருகிற சனிக்கிழமை நல்லூரிலிருந்து ஒரு கூட்டம் பாட வருகிறதாம், அது எப்படிக் கத்தப்போகிறதோ. போகாமலும் இருக்க முடியாது, கோவிந்தராசு திரும்ப வந்தால் உன் தம்பியா பேசுவான்?

உன் அம்மா,
நீலாவதி