யார் வரவில்லை என்று பார்ப்பவர்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அவரும் நலம். நீங்களும் மகளும் மருமகனும், உங்கள் தூக்கத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட அந்தக் குட்டி மகாராணியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நான் விஷயத்துக்கு வந்தாலே, "பாப்பா அழறா, வச்சிடறேன்" என்கிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பீர்கள், எனக்குத் தெரியும்.

வீட்டைக் காலி செய்து சாவியை வீட்டு ஓனரிடம் கொடுத்துவிடச் சொல்லியிருந்தீர்கள். பேறுகாலத்துக்கு என்று போனவர், இனி அங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறீர்கள். ஓனரும் மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்கிறார். நான் சாவியைக் கொடுக்கவில்லை. எனக்கு உங்கள்மேல் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி ஊர்க்கதை.

சபையில் புது பாஸ்டர் பிரித்த குழுக்கள் எல்லாம் ஒருவழியாக ஓடுகின்றன. உங்கள் தம்பியை, அதாவது என் வீட்டுக்காரரை, வாசலில் நின்று வரவேற்கப் போட்டார்கள் அல்லவா? முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்த மனிதர். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்று தோளைத் தொட்டு ஏற்றிவிடுகிறார். புதிதாக வந்த ஒரு பெண் பயத்தில் கைக்குட்டையோடு சில்லறையையும் வெளியே எடுத்துவிட்டாள். ஆனால் ஒன்று, வாசலில் நின்று தயங்கித் திரும்பிப் போகிறவர்கள் இப்போது இல்லை. டீக் குழுவில் சர்க்கரை அளவு பற்றி இன்னும் சமாதானம் வரவில்லை. அதற்காகத் தனியாக ஜெபிக்க வேண்டும்.

விசாரிப்புக் குழுவுக்கு நான்தான் தலைவி. எங்கள் லட்சணத்தைக் கேளுங்கள். எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். குழுவில் ஒருவரும் மற்றவரிடம் சொல்லாமல், ஒரே நாளில் எல்லோரும் தனித்தனியாகப் போய் நின்றிருக்கிறோம். ஆளுக்கொரு பை ஆப்பிள், ஆளுக்கொரு நீண்ட ஜெபம். நான் போனபோது அந்த மனிதர் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தார். அவர் மனைவி என்னை வாசல்வரை கூட்டிவந்து, "அக்கா, ஜெபம் எவ்வளவு வேணும்னாலும் பண்ணுங்க. ஆப்பிள் மட்டும் இனிமே வேணாம்" என்றாள்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் அந்த டாக்ஸி டிரைவர் வந்தார். உங்களுக்கு நன்றாகத் தெரியும், கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிவதற்குள் எழுந்து போய்விடுகிறவர். அவர் ஐந்து வாரமாக வரவில்லை என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது. உள்ளே வராமல், வாசலில் நின்ற என் வீட்டுக்காரரிடம் உங்களைத்தான் கேட்டிருக்கிறார். "ரெண்டு வாரம் நான் வரலன்னா அந்த அக்கா போன் பண்ணிடுவாங்க. இப்ப அஞ்சு வாரம் ஆச்சு, போனே இல்ல. அவங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சோன்னு பாக்க வந்தேன்."

அண்ணி, இதை உங்கள் தம்பி என்னிடம் வந்து சொன்னார். குழு போட்டு, தலைவி போட்டு, ஆப்பிள் வாங்கி எல்லாம் செய்த எங்களை விட்டுவிட்டு, காணாமல் போன ஆள் உங்களைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். பிறகு நானும் பாஸ்டரும் உட்கார்ந்து யோசித்தோம். ராத்திரி டியூட்டி பார்க்கும் நர்ஸைக் காணோம். பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் எப்போது வராமல் நின்றார்கள் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. நீங்கள் போன பிறகு அப்படிச் சத்தமில்லாமல் போனவர்கள் சிலர். இந்த வேலைக்கு ஒரு பெயர்கூட இல்லாததால், அதை ஒருவர் செய்துகொண்டிருந்தார் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

குழுக்களை முன்னால் அழைத்து ஜெபித்த அந்த ஞாயிறு எனக்கு இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பெயர் கூப்பிடக் கூப்பிட எங்கள் வரிசை முழுவதும் எழுந்து போனது. போகும்போது எல்லோரும் கைப்பைகளை உங்கள் மடியில் வைத்துவிட்டுப் போனோம். திரும்பிப் பார்த்தேன். பைகளுக்கு நடுவில் உங்கள் முகம் மட்டும் தெரிந்தது. சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அடுத்த வாரமே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். பேறுகாலத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. மனது வலித்தது என்று என்னிடமாவது சொல்லியிருக்கலாமே அண்ணி! நான் யாரோ எவரோவா?

சரி, மேலே கேளுங்கள். நர்ஸுக்கு நானே போன் செய்தேன். பள்ளிக்கூட ஆபீஸ் வேலையில், லீவு போட்ட பிள்ளைகளின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் குரலே அப்படி ஆகிவிட்டது. "ஏன் வரல? என்ன காரணம்?" என்று கேட்டிருக்கிறேன். அவள், "மேடம், லீவ் லெட்டர் கொடுக்கணுமா?" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் அவள் அழுதாள். டியூட்டி முடிந்து வந்து தனியாகச் சாப்பிடுவதைப் பற்றி நெடுநேரம் பேசினாள். போன ஞாயிறு வந்துவிட்டாள். பேக்கரிக்காரரும் வந்தார், மனைவி இன்னும் வரவில்லை, வருவாள்.

டாக்ஸி டிரைவர் இப்போது கடைசிவரை இருக்கிறார். வீட்டுக்குப் போனதும் எனக்குப் போன் செய்து, "அக்கா, இன்னைக்கு தையல்கார அம்மா வரல" என்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். பாஸ்டர் உங்களை முன்னால் நிறுத்திக் கௌரவிக்க வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் அண்ணி அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவார் என்று தடுத்துவிட்டேன்.

உங்கள் மகள் எனக்குப் போன் செய்வது உங்களுக்குத் தெரியாது, அவளைத் திட்டாதீர்கள். "ஞாயித்துக்கிழமை காலைல அம்மா வெளிய போற மாதிரி உடுத்திட்டு ஹால்ல உக்காந்திருக்காங்க அத்தை" என்றாள். ஒரு வாரம் அந்த ஊர்ச் சபைக்குப் போய்விட்டு வந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா யார் வரலைன்னு எனக்குத் தெரியலையே" என்றீர்களாம். அவளுக்கு அடுத்த மாதத்திலிருந்து மாமியார் வந்து கூட இருக்கிறாராம். "அம்மாவா கேட்க மாட்டாங்க, நீங்க கூப்பிடுங்க அத்தை" என்றாள்.

அதனால் கூப்பிடுகிறேன். வேலைக்காகக் கூப்பிடவில்லை அண்ணி. வேலைக்கு இப்போது ஆட்கள் இருக்கிறார்கள், தட்டுத்தடுமாறியாவது செய்துவிடுவோம். நேற்று உங்கள் வீட்டைக் காலி செய்யத்தான் அட்டைப்பெட்டிகளோடு போனேன். அண்ணன் சட்டை ஒன்று இன்னும் அலமாரியில் தொங்குகிறது. அதை மடிக்கக் கை வரவில்லை. அப்பா அம்மா போய், அண்ணனும் போன பிறகு, பிறந்த வீடு என்று சொல்லி நான் போய் உட்கார எனக்கு இருப்பது உங்கள் வீடு ஒன்றுதான். அந்தச் சாவியை நான் எந்த மனதோடு இன்னொருவர் கையில் கொடுப்பேன்?

குழந்தையைக் கர்த்தர் நல்ல தூக்கத்தோடு வளர்க்கட்டும். உங்கள் மகளுக்குப் பலம் கொடுக்கட்டும். எங்களுக்கு உங்களைத் திருப்பிக் கொடுக்கட்டும். வீட்டு ஓனரிடம், அண்ணி வருகிறார் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதீர்கள்.

என்றும் உங்கள் அன்பையே நம்பியிருக்கும்,
நாத்தனார்