ஜனவரி ஐந்திலேயே நின்ற கம்ப்யூட்டர்

ஜூன் 9

கம்ப்யூட்டரைப் போட்டதும் வழக்கம்போல முதல் வேலை: தேதியை ஜனவரி 5-க்குத் திருப்பினேன். நான் புத்தகப் பக்கம் வடிவமைக்கும் மென்பொருள் முப்பது நாள் மட்டும் இலவசமாக ஓடும் சோதனைப் பதிப்பு. முப்பதாம் நாளையே வரவிடாவிட்டால்? கம்ப்யூட்டர் டாக்டர் சொல்லிக் கொடுத்த வித்தை. (பழுது பார்ப்பவர்தான். தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.) நான்கு வருடமாக என் மேசையில் ஜனவரி 6 விடிந்ததே இல்லை.

இவருடைய அக்கா மறுபடி போன் செய்தார். நாத்தனார்தான், நான் அண்ணி என்று கூப்பிடுவேன்; கணக்கு டீச்சர். அண்ணியின் கணக்குப் பயிற்சிப் புத்தகம், பன்னிரண்டு பாடம், 25-ஆம் தேதி பகல் பன்னிரண்டுக்குள் பள்ளிகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுவிடம் போய்ச் சேர வேண்டும். ஆறு வருட உழைப்பு. தவறினால் அடுத்த வாய்ப்பு ஐந்து வருடம் கழித்து. அதற்குள் ஓய்வு பெற்றுவிடுவார். என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார். 

ஜூன் 12

பரீட்சை ஹாலில் காப்பி அடிப்பவனை அவன் மூச்சு விடும் விதத்திலேயே பிடிப்பவர் அண்ணி. இன்று என் பக்கத்தில் உட்கார்ந்தவர் திரையின் மூலையில் தேதியைப் பார்த்துவிட்டார். தேதியை நினைவில் வைக்கும் பேட்டரி போய்விட்டது அண்ணி என்றேன். மாற்றக் கூடாதா என்றார். மாற்ற வேண்டும் என்றேன்.

வெட்கமே இல்லை எனக்கு.

ஜூன் 17

பென் டிரைவை எடுத்துக்கொண்டு அச்சுக்கடைக்குப் போய், பிழை பார்க்க ஒரு பிரதி எடுத்தேன். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் பக்க அளவைச் சரிசெய்து பென் டிரைவிலேயே சேமித்துக் கொடுத்தார். கூடவே இரண்டு வைரஸ். அந்தக் கடைக்குள் போன பென் டிரைவ் எதுவும் தனியாகத் திரும்பியதில்லை.

ஜூன் 20

இருநூற்றுப் பன்னிரண்டு திருத்தம், எல்லாம் சிவப்பு மையில். அண்ணி ஒரே நாளில் போட்டார், நான் இரண்டு நாளில் ஏற்றினேன். முடிந்ததும் தாள்களை வாங்கி, விடைகள் பிள்ளைகள் கையில் சிக்கக் கூடாதென்று என் கண்ணெதிரே விரல் அகலத்துக்குக் கிழித்துப் போட்டார்.

அப்பாடா.

ஜூன் 21

போச்சு. எல்லாம் போச்சு.

டாக்டர் தந்த இன்னொரு மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவையும் கம்ப்யூட்டரையும் ஒப்பிட்டு, பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். முடித்த வேலையைப் பென் டிரைவில் ஏற்ற அதை ஓடவிட்டேன். பச்சை டிக் போட்டது. திறந்து பார்த்தால் ஒரு திருத்தம்கூட இல்லை. இங்கேயும் இல்ல, அங்கேயும் இல்ல.

வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. கடைக்காரர் சேமித்த கோப்புக்கு ஜூன் 17. நான் திருத்தியதற்கு, என் புண்ணியத்தில், நாலு வருஷத்துக்கு முந்தின ஜனவரி 5. எது புதுசு? அது சரியாத்தான் செஞ்சிருக்கு. நான்தான் பாவி.

டாக்டர் ஓடிவந்து, அழிந்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டார். மீண்டு வந்தது இவருடைய பாஸ்போர்ட் போட்டோ மட்டும். அதிலும் கண்ணை மூடியிருக்கிறார்.

அண்ணியிடம் என்ன சொல்வது? வைரஸ் என்று சொல்லிவிடலாமா? நம்பிவிடுவார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 22

வைரஸ் என்றுதான் ஆரம்பித்தேன். பாதியில் நாக்கு எழவில்லை. திருட்டு மென்பொருள், ஜனவரி 5, பேட்டரிப் பொய் — எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இவர் சமையலறைக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எத்தனை வருஷமா?”

“நாலு, அண்ணி.”

“நாலு வருஷம் மாட்டாம இருந்திருக்கே. என் ஹால்ல நாலு நிமிஷம் தாங்கியிருக்க மாட்டே.”

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அடுத்துச் சொன்னார் பாருங்கள்: “என் புத்தகம் இந்தத் திருட்டுல வேணாம். வேற என்ன இருக்கு?”

இருக்கிறது. இலவசமாக, முறையாகவே கிடைப்பது. தெரியாமல் இல்லை, புதிதாகப் பழகச் சோம்பல். டாக்டர் வந்து பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஜூன் 23

பழைய கோப்பைப் புதியதில் கொட்டியதும் பின்னங்கள் எல்லாம் குப்புற விழுந்தன. மூன்றில் ஒன்று பதின்மூன்றாகிவிட்டது. அண்ணி லீவு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கணக்கையும் முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறார். அவர் சொல்ல, நான் அடிக்கிறேன். சமையல் இவர். உப்பை இரண்டு தடவை போட்டிருந்தார். அதைக் குறை சொல்லக்கூட எங்களுக்கு நேரமில்லை.

ஜூன் 24

ஒன்பதாம் பாடத்தில் அண்ணியின் பென்சில் நின்றது. போன தடவை சரி என்று விட்ட விடை தப்பு. இன்னும் இரண்டு அப்படி. அந்தக் கோப்பு பிழைத்திருந்தால் மூன்று தப்போடு குழு முன்னால் போயிருக்கும்.  அண்ணி தட்டிலிருந்த கடைசி பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார்.

ஜூன் 25

பதினொன்று நாற்பது. கொடுத்தாச்சு. இனி கையை அசைக்க முடியாது.

ஜூலை 30

தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! அண்ணிதான் போன் செய்து சொன்னார். நான் மறுபடி மறுபடி சொல்லச் சொன்னேன். கடைசியில் இவர்தான் போனை வாங்கிப் பேசினார்.

ஆகஸ்ட் 19

மூன்று மணிக்கு அண்ணி பள்ளியிலிருந்து போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். மதிப்பெண் பட்டியல் போடும் மென்பொருளின் கெடு இன்றோடு முடிந்து, திறக்க மாட்டேன் என்கிறதாம். பட்டியல் ஐந்து மணிக்குத் தலைமையாசிரியர் மேசையில் இருக்க வேண்டுமாம். கொஞ்சம் சுற்றி வளைத்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

“அந்தத் தேதியைத் திருப்புவியே... அது எப்படிம்மா?”

போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அண்ணிதானா?

“வேணாம் அண்ணி. சொல்லித் தரமாட்டேன்.”

நாத்தனாரிடம் நான் இப்படிப் பேசுவது இதுதான் முதல் தடவை.   அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு.

“நல்ல ஆள்கிட்ட மாட்டினேன் போ. சரி, சீக்கிரம் வா.”

பட்டியல் போடும் இலவச மென்பொருள் ஒன்று பென் டிரைவில் ஏறிக்கொண்டிருக்கிறது. முக்கால்வாசி ஆகிவிட்டது. மூன்றரைக்குப் போய்விட்டால், அவர் மதிப்பெண்ணைச் சொல்ல, நான் அடிக்க, ஐந்துக்குள் முடித்துவிடுவோம்.